வராந்தா நாற்காலி

அண்ணனுக்கு நான் கடைசியாகச் செய்தது, காதோரம் முடி வெட்டிவிட்டதுதான். அவன் நடத்திய இல்லத்தில் படுக்கையோடு கிடந்த ஏழு பேருக்கும் அவனே முடி வெட்டுவான். அவனுக்கு வெட்டிவிட மாதம் ஒரு ஞாயிறு நான் போவேன்.

அன்று கீழே தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியதும் மாடியில் மின்விசிறிகள் தளர்ந்தன. சுவரிலிருந்த சுவிட்ச் பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். அணைத்து வைத்த இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. லேசாக ரப்பர் கருகும் வாடை.

“வயரிங் மொத்தமா மாத்தணும்னு எலக்ட்ரீஷியன் சொல்லிட்டான். உங்க ஆபீசுக்கு எழுதிக் குடுத்திருக்கேன், பாத்தியா?”

“அதைப் பத்தி என்கிட்ட பேசாதண்ணே.”

“ஏன், பேசினா நாக்கு வெந்துடுமா?”

“உறவுக்காரங்க விண்ணப்பம்னா நான் வாயே திறக்கக் கூடாது. விதி.”

“எந்தப் புண்ணியவான் போட்ட விதி?”

“நான்தான்.”

சிரித்தான். “கத்தரி உன் கையில இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, தாயே.”

நான் வேலை பார்த்தது ஓர் அறக்கட்டளையில். யாருக்கு நிதி கொடுத்தால் வீணாகும், யாருக்குக் கொடுத்தால் கெட்ட பெயர் வரும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன் உறுப்பினர் ஒருவர் தன் மச்சானுக்கு நிதி வாங்கிக் கொடுத்து, விஷயம் பத்திரிகை வரை நாறியது. அதன் பிறகுதான் அந்த விதியை எழுதினேன். உறவினர் விண்ணப்பம் வரும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். முன்னும் பின்னும் அதைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் விண்ணப்பம் தள்ளுபடி. அதை எழுதியதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டம். அண்ணனின் விண்ணப்பத்தை எடுத்ததும் எழுந்து போய் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு ஒட்டிச் சாத்தியிருக்கவில்லை.

“வாடகைக் கட்டடம்,” என்றார் ஆடிட்டர். “நம்ம பணத்துல வயரிங் பண்ணி முடிச்சதும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா? அவர்கிட்ட ஆட்சேபனை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டா நமக்குப் பாதுகாப்பு.”

“அப்ப அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். மூணு மாசம்தானே,” என்றார் தலைவர். “அவ்வளவு அவசரமா என்ன?”

டாக்டரம்மா கேட்டார்: “இதுல ‘பழைய வயரிங்’னு மட்டும்தான் போட்டிருக்கு. அந்த இடத்தை நேர்ல பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?”

உள்ளே யாரும் பேசவில்லை. நான் எழுந்து நின்றேன். கதவுக்கு நான்கு எட்டுதான். போய்ச் சொன்னால் அவனுக்கு ஒன்றுமே கிடைக்காது. சொல்லாமலிருந்தால் மூன்று மாதத்தில் கிடைக்கும். இத்தனை வருடம் தாங்கிய வயர் மூன்று மாதம் தாங்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்ப உட்கார்ந்தேன்.

“சரி, தள்ளி வைப்போம்.”

பதினாறாம் நாள், நல்ல பகலில், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது மாடியில் தீப்பிடித்தது. அண்ணன் ஒவ்வொருவராக முதுகில் சுமந்து ஐந்து பேரை இறக்கினான். ஆறாவது ஆளுக்காக ஏறியவன் வரவில்லை. மேலே இருந்த இருவரும் வரவில்லை. வீட்டுக்காரரின் கடிதம் முந்தின வாரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்து கோப்பில் கிடந்தது. அவருக்கு ஆட்சேபனை இல்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். பிறகு வழக்கப்படி சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படித்தார்கள். ஐந்தாவது பத்தியில், இடர் மதிப்பீட்டு அலுவலர் உறவு காரணமாக 11.20க்கு வெளியேறி 11.35க்குத் திரும்பினார், விதி பின்பற்றப்பட்டது என்று இருந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க அந்த இடத்தைப் பாத்திருந்தீங்களா?”

“தொட்டே பாத்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திருத்தம் ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். இல்லை என்றோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதமே வேலையை விட்டேன். குறிப்பேட்டில் ஐந்தாவது பத்தி அப்படியே இருக்கிறது.