நூறு ரூபாய்க்கு அளவில்லாமல்

கப்பலுக்குத் திரும்ப இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. இசக்கிபாண்டிக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. எட்டு வருஷம் உல்லாசக் கப்பலில் வெள்ளைக்காரர்களுக்கு மது சுமந்தாயிற்று. கடல் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், நாலு பேரில் ஒருவனாக, தலைக்கு மேலே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்து எழுந்தாயிற்று. பயணிகளைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட அங்கே மார்க் போடுவார்கள். மார்க் குறைந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. அப்படிச் சிரித்துச் சிரித்து, முப்பத்தொரு வயதில் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்க வராதவனாக ஊர் வந்து சேர்ந்திருந்தான்.

ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் ஒரு பிழைப்பு வேண்டும். அவனுடைய அக்கா வெள்ளைத்தாயின் புருஷன் வேணுகோபால், கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஒயின் ஷாப்பும் அதற்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு பாரும் நடத்தினார். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஏலத்தில் எடுத்த கடை. பாரில் ஒரு பங்கு கேட்டுப் போனான் இசக்கிபாண்டி.

"பங்குன்னா பணத்தப் போடணும் மாப்ளே," என்றார் வேணுகோபால்.

"பணம் வீடு கட்டுனதுல போச்சு அத்தான். உழைப்பப் போடுதேன்."

"உழைக்க ஆளு இருக்கான். ஒரு நாளைக்கு நாப்பது ரூவா. அவன் சட்டையக் கழத்தி உனக்குப் போட்டுவிடவா?"

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. தம்பி கப்பலில் இருந்தால்தான் அவளுக்கும் தீபாவளிக்குப் பட்டு வரும்.

இசக்கிபாண்டி அப்போதுதான் கப்பல் பேச்சை எடுத்தான். கப்பலில் பேக்கேஜ் என்று ஒன்று உண்டு. ஏறும்போதே ஒரு நாளைக்கு இருபத்தெட்டு டாலர் என்று பணத்தைக் கட்டிவிட வேண்டியது. அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கட்டாதவனுக்கு ஒரு கிளாஸ் ஐந்து டாலர். ஆக, ஆறு கிளாஸ் குடித்தால்தான் கட்டினவனுக்குக் கட்டுப்படி. எல்லாரும் முதல் நாள் எட்டு குடிப்பார்கள். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் கடல் ஆடும், மோர்கூட இறங்காது. ஏழு நாளையும் கூட்டிக் கழித்தால் நாளுக்கு நாலு கிளாஸைத் தாண்டினவன் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். ஒரு கிழவர் தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கடைசி நாள் சாயங்காலம், கட்டின பணத்துக்கு இன்னும் பதினொரு கிளாஸ் பாக்கி நிற்கிறது என்று பதினொன்றையும் ஒரே மேஜையில் வரிசையாக வைக்கச் சொன்னார். இரண்டு குடித்தார். மீதி ஒன்பதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதை எடுத்துக் கொட்டினது இசக்கிபாண்டி.

வேணுகோபால் காதைக் குடைந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். "அப்ப குடிக்காம விட்டதுக்கும் காசு வாங்குதான்."

"அதுக்குத்தான் அத்தான் வாங்குதான்."

வேணுகோபாலுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. குவார்ட்டர் ஐம்பது ரூபாய்க்கு விற்றார், கொள்முதல் நாற்பது. நூறு ரூபாய் பேக்கேஜ், காலை பதினொன்றில் இருந்து ஐந்து மணி வரை என்று வைத்தால், ஒரு குவார்ட்டர் குடிக்கிறவனிடம் அறுபது ரூபாய் நிற்கும். இரண்டு குவார்ட்டர் குடிக்கிற பெருங்குடிகாரனிடம்கூட இருபது நிற்கும். மூன்றாவதைத் தொடுகிறவன் கொட்டகையிலேயே விழுந்துவிடுவான்.

"மூணு நாள் போட்டுப் பாரு. லாபம் நின்னா பார்ல கால் பங்கு உனக்கு. நட்டம்னா மறுபேச்சு கிடையாது, பெட்டியத் தூக்கு. ஊர்ல நின்னுக்கிட்டு எம்மூஞ்சில முழிக்கப்படாது."

"சரி."

வீட்டில் பெண்டாட்டி முத்துசெல்வி இதைக் கேட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "நாக்குல ஒரு சொட்டு வச்சதில்ல. குடிகாரனுக்குக் கணக்குப் போடக் கெளம்பிட்டீங்க," என்றாள்.

"கடல் தண்ணியக் குடிச்சிட்டா கப்பல் ஓட்டுதான்?"

"ஓட்டுங்க. மூழ்குனா என்னயக் கூப்பிடாதீங்க."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் கட்டிங் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் சேர்ந்து வாங்கிச் சமமாக ஊற்றிக்கொள்வது. கூட்டாளி முன்பின் தெரிந்தவனாக இருக்க வேண்டியதில்லை. கடை வாசலில் நின்று இரண்டு விரலைக் காட்டினால் எவனாவது வருவான். ஊற்றும்போது இரண்டு பேர் கண்ணும் மட்டத்தின் மேல் இருக்கும். இது இசக்கிபாண்டிக்கும் தெரியும். ஆனால் அது காசில்லாதவன் செய்கிற வேலை என்று நினைத்திருந்தான். அளவில்லாமல் கிடைக்கிறபோது எவன் பங்கு வைப்பான்? கப்பலில் புருஷன் கிளாஸில் பெண்டாட்டி வாய் வைக்க மாட்டாள்.

திங்கட்கிழமை பலகை எழுதி வைத்தான். கப்பலில் பேக்கேஜ் வாங்கினவனுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். இங்கே சிவப்பு இன்சுலேஷன் டேப்பை மணிக்கட்டில் சுற்றி ஒட்டினான்.

முதலில் கையை நீட்டியவர் லாரி ஷெட்டில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிற கடற்கரை என்பவர். ஆள் கழுகுமலைக்காரர், தோள் இரண்டும் கதவு அகலம்.

"என்னடே இது, காப்புக் கட்டுத? கோயில் கொடை முடியிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டப்படாதோ?"

"அஞ்சு மணி வரைக்கும் தாண்டாதீங்க அண்ணாச்சி."

"கறி புளி சேக்கலாமா, விரதமா?"

கொட்டகை சிரித்தது. அன்றைக்குப் பதினான்கு காப்பு கட்டினான். பன்னிரண்டு மணிக்கு வேணுகோபால் வந்து எட்டிப் பார்த்து, கல்லாவையும் பார்த்து, மச்சினன் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்தன்றுகூட வைக்காத கை.

ஒரு மணிக்குத்தான் இசக்கிபாண்டிக்கு உறைத்தது. கடற்கரைக்கு ஒன்பதாவது கிளாஸ் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் கண் சிவக்கவில்லை, நாக்குக் குழறவில்லை. கிட்டே போய்ப் பார்த்தான். கிளாஸ் வந்ததும் வலது பக்கத்தில் இருந்தவனுடைய காலி கிளாஸில் பாதி, இடது பக்கத்துக்காரனுடையதில் மீதி. அதற்கு அடுத்தது தனக்குப் பாதி, எதிரே இருக்கிற எவனுக்கோ பாதி. பதினான்கு காப்பும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. கொட்டகையில் எழுபது பேர் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, இது ஒரு ஆளுக்குள்ளது."

"ஒரு ஆளுதானடே வாங்குதேன்."

"வாங்குத ஆளுதான் குடிக்கணும்."

"குடிக்கத்தான செய்யுதேன். இந்தா இவன் யாரு தெரியுமா? நாகலாபுரம். ஒரு மணி நேரமா வெறுங் கிளாஸ வச்சிட்டு எம்மூஞ்சியப் பாக்கான். இவன் பாக்கப் பாக்க நான் மட்டும் குடிச்சா எனக்கு உள்ள தங்குமா? வயித்துல போறதுக்குப் பதிலா வாய்வழியா வந்துராதா?"

நாகலாபுரத்துக்காரன் ஆமாம் என்று தலையாட்டினான்.

ஐந்து மணிக்குக் கடற்கரை ஒருவருடைய கணக்கில் மட்டும் பத்தொன்பது கிளாஸ். குவார்ட்டருக்கு மூன்று கிளாஸ் வீதம் ஆறு குவார்ட்டருக்கு மேல். நூறு ரூபாய் கட்டியவர் கொள்முதல் கணக்கிலேயே இருநூற்றைம்பதுக்கு இறக்கிவிட்டு, யாரையும் பிடிக்காமல் நேராக நடந்து போனார். வேணுகோபால் கொட்டகையைச் சுற்றி வந்தார். தரையில் மிதிபட்டுக் கிடந்த பிளாஸ்டிக் கிளாஸ்களையும் தண்ணீர்ப் பாக்கெட் உறைகளையும் காலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார். பாட்டில் பக்கமே திரும்பவில்லை. மச்சினனுக்கு அது விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இசக்கிபாண்டி கப்பல் சட்டத்தைக் கொண்டுவந்தான். காப்பு கட்டினவன் கிளாஸை வாயில் கவிழ்க்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பது. ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவில் கால்மணி நேரம். காப்பு இல்லாதவன் காப்புக்காரன் பெஞ்சில் உட்காரக் கூடாது. கூட்டம் முணுமுணுத்தது. ஒருவன், "பள்ளிக்கூடத்துல சத்துணவு போட்டாக்கூட இப்பிடி நிக்க மாட்டாவ," என்றான். இன்னொருவன், "விழுங்கிட்டேன் சார், நாக்க நீட்டவா?" என்று நீட்டினான்.

கடற்கரை இரண்டாவது கிளாஸை எடுத்துப் பாதி குடித்துவிட்டு, மீதியைப் பின்னால் நின்ற ஒருவனிடம் நீட்டினார். அவன் வாங்குவதற்குள் இசக்கிபாண்டி கையைப் பிடித்துவிட்டான்.

"விடுடே."

"அது உங்க கிளாஸு. நீங்க குடிங்க, இல்லன்னா கீழ ஊத்துங்க."

"கீழ ஊத்தவா? மனுசனுக்குக் குடுக்காதன்னு சொல்லுத, மண்ணுக்குக் குடுக்கச் சொல்லுத. எங்கன படிச்ச இத?"

"படிச்ச இடத்துல இதான் சட்டம். எச்சி நக்குதவனுக்கெல்லாம் என் கடையில சரக்குக் கிடையாது."

சொன்ன பிறகுதான் அது வாயை விட்டுப் போனதே தெரிந்தது. எட்டு வருஷம் பல்லைக் காட்டிக்கொண்டே உள்ளே அடக்கி வைத்தது, எவனுக்கோ போக வேண்டியது, இங்கே வந்து விழுந்துவிட்டது. கிளாஸைப் பிடுங்கினான். சரக்கு கடற்கரையின் சட்டையெல்லாம் கொட்டியது.

அடி விழும் என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். கடற்கரை அடிக்கவில்லை. மணிக்கட்டில் இருந்த சிவப்பு டேப்பை நிதானமாகப் பிரித்தார். மயிரோடு வந்தது. அதை இசக்கிபாண்டியின் சட்டைப் பையின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார்.

"நீயே தனியா உக்காந்து குடி."

வெளியே போனார். பின்னாலேயே கொட்டகை முழுக்கப் போயிற்று. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பரமசிவன் என்பவரின் ஒயின் ஷாப். அங்கே போய் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

வேணுகோபால் கம்பி வலைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டவர் மாதிரி தெரியவில்லை. "மூணாவது நாள் வேண்டாம் மாப்ளே. பலகைய இறக்கு," என்றார்.

புதன்கிழமை காலையில் அதே பலகையில் வேறு எழுத்து இருந்தது. கட்டிங்குக்கு வருகிறவர்களுக்குத் தனி பெஞ்சு, மின்விசிறியோடு. குவார்ட்டர் பழைய விலைதான். அதுவரைக்கும் இனாமாகக் கொடுத்த கிளாஸ் மட்டும் இனிமேல் ஒவ்வொன்றும் இரண்டு ரூபாய். தண்ணீர்ப் பாக்கெட் இரண்டு ரூபாய். ஒரு குவார்ட்டரை ஒருவன் குடித்தால் ஒரு கிளாஸ், இரண்டு பேர் குடித்தால் இரண்டு, நாலு பேர் என்றால் நாலு. எத்தனை பேர் பங்கு வைக்கிறார்களோ அத்தனை கிளாஸ் காசும் வேணுகோபாலுக்கு. மின்விசிறிக் காற்றுக்கு மத்தியானத்துக்குள் கூட்டம் திரும்பி வந்துவிட்டது. கடற்கரையும் வந்தார்.

"கால் பங்கு பேசுனமே அத்தான்," என்றான் இசக்கிபாண்டி.

"எதுக்கு?"

"திங்கக்கிழமை அவ்வளவு கூட்டத்த ஒக்கார வச்சுக் காட்டுனதுனாலதான இது தெரிஞ்சுது."

"நீ போட்டது உன் பேக்கேஜு. அது செத்துப்போச்சு. இது நான் பெத்தது." பேனாவால் பல்லைக் குத்தினார். "கப்பலு என்னைக்கு? டிக்கெட்டுக்குக் கொறஞ்சா சொல்லு, அக்காட்ட குடுத்துவிடுதேன்."

அவன் ரோட்டில் இறங்கினான். வெயிலில் கால் மணி நேரம் நின்றான். அந்த மனுஷன் இவனை வாயால் சொல்ல வைத்தே முழுவதையும் வாங்கிக்கொண்டார். சொல்வதற்கு முன்னால் காசு வாங்காதது இவனுடைய முட்டாள்தனம். கப்பல்காரன் ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன்னால் ஏழு நாள் பணத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறான். அதைத்தான் எட்டு வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோட்டைக் கடந்து பரமசிவன் கடைக்குள் போனான்.

"எங்க அத்தான் கூட்டத்த ஒரே நாள்ல இங்கன கொண்டாந்து விடுதேன். ஆறு மாசச் சம்பளம் முன்னாடியே எடுத்து வைங்க. மாசம் மூவாயிரம். அதுக்கப்புறம்தான் வாயத் தொறப்பேன்."

பரமசிவன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தொறந்து ஒண்ணுமில்லன்னா?"

"ஆறு மாசம் கிளாஸு பொறுக்குதேன். எங்கயும் போயிர முடியாது, வீடு இங்கனதான இருக்கு."

"அக்கா மாப்பிள்ளைய இப்பிடியா கவுப்ப?"

"அவிய என்னய எப்பிடிக் கவுத்தாவன்னு கேளுங்க, கேட்டுட்டுப் பணத்த எடுங்க."

பேரம் அரை மணி நேரம் போயிற்று. நாலு மாசச் சம்பளத்தில் முடிந்தது. நோட்டை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு சொன்னான். கிளாஸ் இனாம். தண்ணீர் இனாம். கட்டிங் ஆட்களுக்கு ஒரு கரண்டி ஊறுகாய் இனாம். கூட்டாளி கிடைக்காமல் தனியாக வருகிறவனுக்குக் கடையே கூட்டாளி பிடித்துத் தரும். அதற்கென்று வாசலில் ஒரு ஆள் நிற்பான். அந்த ஆள் இசக்கிபாண்டி.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் போய், கப்பலுக்கு ஆள் அனுப்புகிற சென்னை ஏஜெண்டைக் கூப்பிட்டான். வரவில்லை என்றான். ஏஜெண்ட் அவன் அம்மாவை இழுத்துத் திட்டினான். முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தான். திட்டியதற்கும் சேர்த்து மீட்டர் ஓடியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேணுகோபாலின் கொட்டகையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே பெஞ்சு பற்றவில்லை. இசக்கிபாண்டி வாசலில் நின்று ஒரு கொத்தனாரையும் ஒரு ஆட்டு வியாபாரியையும் சேர்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளைத்தாய் ரோட்டைக் கடந்து வந்தாள். சாராயக் கடை வாசல் என்றும் பார்க்கவில்லை, ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"ஏலே, கப்பலுக்குப் போகலியாம்லா."

"போகல."

"அவிய ரெண்டு நாளா சாப்பிடல. கல்லாவத் தொறந்து தொறந்து மூடுதாவ."

"கால் பங்கு குடுத்திருந்தா சாப்பிட்டிருப்பாவ."

"நீ கேட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். தெரியும். தை மாசம் எம்மவளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரோட வரணும். அதுக்கும் முன்பணம் கேப்பியோ?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. பாதி ரோட்டில் திரும்பி, "வராத. என் கூட ஒருத்தனும் பெறக்கலன்னு சொல்லிக்கிடுதேன்," என்றாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அதற்கும் அவள் ஒதுங்கவில்லை. பஸ்தான் ஒதுங்கிப் போயிற்று.

உள்ளே இருந்து ஆட்டு வியாபாரி கிளாஸ் கேட்டுச் சத்தம் போட்டார். இசக்கிபாண்டி இரண்டை உருவிக்கொண்டு போனான்.