முதல் போணி

அன்றைக்கென்று பார்த்து ஹோவான் அக்கா தூங்கிவிட்டாள்.

வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போணி நன்றாக அமைந்தால் நாள் நன்றாக அமையும். முதலில் வருகிற ஆள் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் அன்றைக்கு ஈ ஓட்டவேண்டியதுதான். வியட்நாமில் யாங் ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் கஞ்சிக்கடை வைத்திருக்கும் லுவாவுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. பக்கத்துப் பழக்கடை ஹோவான் அக்காவின் கை ராசியான கை. விடிந்ததும் வந்து முதல் கிண்ணத்தை வாங்குவாள். விலை கேட்கமாட்டாள், சில்லறை வாங்கமாட்டாள், வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பும் போணியில் சேர்த்திதான்.

புயலுக்குப் பிறகு மற்றப் படகுகளெல்லாம் கரைசேர்ந்துவிட்டன. லுவாவின் புருஷன் கியெம் கணவாய் பிடிக்கப் போன படகு மட்டும் வரவில்லை. கஞ்சி விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? அன்றைய நாள் நல்ல நாளாக இருக்கவேண்டும், அவன் வரவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து இரவுப் பேருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை இறக்கிவிட்டுப் போனது. ஆளைவிடப் பெரிய முதுகுப்பை, வார் அறுந்து கயிறு கட்டிய செருப்பு. குகை பார்க்கப் போகும் இந்தப் பிள்ளைகளை லுவா நிறையப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று முடிந்துவைத்துக்கொண்டு வியட்நாம் முழுக்கச் சுற்றுவார்கள். விமானத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள், கஞ்சிக்குக் கொடுக்க மனசு வராது.

பெண் செல்போனில் ஏதோ பேசினாள். போன் அதை உயிரில்லாத குரலில் மொழிபெயர்த்தது: “ஒரு கிண்ணம் எவ்வளவு?”

“முப்பதாயிரம் டொங்.”

“எனது இன்றைய செலவுத்தொகை குறைவு. பாதி விலைக்குத் தரவும்.”

“பாதியா? போணியாகாத கடையில வந்து பேரமா பேசுற? நல்லாயிருப்பியா நீ?”

போன் என்ன சொன்னதோ, பெண் முகம் சுண்டிப்போய் நடையைக் கட்டினாள்.

வாங்காமல் போனவள் விட்டுப்போன பீடையைக் கழிக்க லுவா எழுந்தாள். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கொளுத்தி, பானையைச் சுற்றி, முக்காலிகளைச் சுற்றிக் காட்டினாள். “போ! உன் பீடையையும் கூட்டிக்கிட்டுப் போ!” என்று முதுகுக்குப் பின்னால் கத்தினாள்.

சத்தம் கேட்டுப் பெண் திரும்பினாள். கையில் தீயோடு ஒருத்தி அலறுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சும்மா இருக்கத் தோன்றும்? பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் அத்தனையையும் லுவாவின் கைமேல் கொட்டினாள்.

“அடிப்பாவி! அவிச்சிட்டியேடி!”

சுற்றாமலே இருந்திருக்கலாம்; பாதியில் அணைந்தது அதைவிடக் கெடுதல். அறையக்கூடத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் லுவாவின் கையைப் பிடித்து, எங்கே சுட்டது என்று விரல்விரலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இனி இவளே போணி பண்ணினால்தான் உண்டு.

“உக்காரு. பாதியே குடு. தின்னு தொலை.”

பெண் தலைநிமிராமல் சாப்பிட்டாள். தலையை முடிந்துகொண்டே ஹோவான் அக்கா ஓடிவந்தாள்.

“யாருடி இது? இவளா போணி?”

“ஆமாக்கா. அதுவும் பாதி விலைக்கு.”

“வெளங்கிடும்!” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கியெமின் தம்பி லின் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றான். இறங்கவில்லை.

“அண்ணி… படகு கவுந்துடுச்சு. மத்தவங்களை வேற படகு தூக்கிட்டு வந்திருக்கு. அண்ணன் இல்ல அண்ணி. எல்லாரும் பாக்கப் பாக்க அலை கொண்டுபோயிடுச்சாம்.”

முதலில் வெடித்தது அக்காதான். “இவளாலடி! இந்த மூதேவி காலு வெச்சா, குடும்பமே போச்சு!” என்று பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கஞ்சி தரையில் கொட்டியது.

லுவா ஒன்றே ஒன்று கேட்டாள். “எப்போ தம்பி?”

“முந்தாநேத்து. வெளுக்கிற நேரமாம்.”

முந்தாநாள் வெளுக்கிற நேரம். அக்கா இதே இடத்தில் நின்று கிண்ணத்தை வாங்கிச் சிரித்துவிட்டுப் போன நேரம். அன்றைக்கு மதியத்துக்குள் பானை காலி. நல்ல நாள், அவன் வந்துவிடுவான் என்று லுவா இரவு நிம்மதியாகத் தூங்கினாள். அவன் அப்போதே கடலுக்கடியில் கிடந்திருக்கிறான்.

அக்காவுக்கும் அது உறைத்துவிட்டது. பெண்ணின் தோளிலிருந்து அவள் கை நழுவியது. “லுவா… நான்தானே அன்னிக்கு…” என்றாள். விசும்பி அழத் தொடங்கினாள்.

லுவா அந்தக் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். “நீ இல்லக்கா. அவளும் இல்ல. யாரும் இல்ல.” லுவாவின் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மெல்லப் போனில் பேசி, அதை லுவாவின் பக்கம் நீட்டினாள்.

“மன்னிக்கவும். அழவேண்டாம். முழு விலையையும் தந்துவிடுகிறேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் லுவா அழுதாள்.