மூன்று ஸ்டாண்டும் ஒரு கல்லும்

எங்கள் பழைய காரின் கிளட்ச் அந்த இலையுதிர் காலம் முழுக்க வழுக்கிக்கொண்டிருந்தது. சுரங்க மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறும், வண்டி ஏறாது. நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் போய், கசிந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டது என்றான் என் கணவன் ரெய்னோ.

இரண்டையும் மாற்ற அவன் தேர்ந்தெடுத்தது நவம்பர் பதினைந்தாம் தேதி. மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் ஊரில் அன்று பள்ளிக்கூடமே கிடையாது. ஆண்கள் விடியுமுன் காட்டு முகாம்களுக்குப் போய்விடுவார்கள். மத்தியானத்துக்குள் வேலையை முடித்து, அதே காரில் முகாமுக்குப் போவது என்பது அவன் திட்டம்.

காரைத் தூக்கி நிறுத்த நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். எங்களிடம் மூன்றுதான் இருந்தன. நான்காவதைப் பக்கத்து வீட்டு வெர்ன் இரவல் வாங்கிப் போயிருந்தான். அவன் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். ரெய்னோ வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கி வந்து, உயரம் சரியாக வருவதற்காகப் பக்கவாட்டில் படுக்கவைத்தான். கல்லின் ஓட்டைகள் என்னைப் பார்த்தபடி இருந்தன.

“இது தாங்குமா?”

“வீட்டையே தாங்குது, இந்த டப்பாவ தாங்காதா?”

“வீட்டுக்கு அடியில நீ போய்ப் படுக்கலியே.”

“ஐலி, நீ பயப்படற வேலைய பாரு, நான் கிளட்ச் வேலைய பாக்கறேன். பிரிச்சுக்கிட்டா சீக்கிரம் முடியும்.”

பத்து மணிக்குள் கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டான். எங்கள் ஒரே ஜாக்கியின்மேல் அது அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. காரின் மறுபக்கம் எங்கள் கொட்டகையின் சுவர். அவன் கால்கள் மட்டும் என் பக்கம் நீண்டிருந்தன, கல்லுக்கு ஒரு சாண் தள்ளி. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தேன்.

பழைய ஆயில் சீலை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, சுற்றிலும் மெல்லத் தட்ட ஆரம்பித்தான். டக், டக். ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் சர்க்கரை கொட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன். கல்லடியில் சாம்பல் நிறத் தூள் குவிந்திருந்தது. மேல் விளிம்பிலிருந்து ஓட்டைவரை ஒரு விரிசல்.

“ரெய்னோ, தட்டறத நிறுத்து.”

“இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.”

“கல்லு விரியுது.”

சுத்தியல் நின்றது. அவன் பாதங்கள் ஒருமுறை அசைந்தன. கார் முனகியது. மறுபடி தூள் கொட்டியது.

“அசையாதே. கால மடக்காதே.”

“ஐலி,” என்றான். கேலி எல்லாம் போய்விட்ட குரல். “எம் மூக்குக்கு மேல எஞ்சின் இருக்கு.”

தொலைபேசி சமையலறையில் இருந்தது. அழைத்தாலும் யார் வருவது? தீயணைப்புக்கு வருகிறவர்களும் அந்தக் காட்டில்தான் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜாக்கியை எடுத்தால் கியர் பாக்ஸ் அவன் தலைமேல் சரியும். அவனை இழுத்தால் அந்த அசைவிலேயே கல் உடையும். விளக்கைத் தரையில் வைத்தேன்.

நீராவிக் குளியலுக்கான புது சௌனா கட்டியதில் மிஞ்சிய சதுர மரத்துண்டுகள் மூலையில் கிடந்தன. இரண்டிரண்டாகக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் அடுக்கினேன், இரண்டு நெடுக்கில், இரண்டு குறுக்கில். காரைத் தொடாமல், அவன் பாதத்தைத் தொடாமல்.

“என்ன பண்றே?”

“அடுக்கறேன். பேசாதே.”

“பேசலன்னா எனக்கு அந்தச் சத்தம் மட்டுந்தான் கேக்குது.”

“சரி, பேசு.”

“வெர்னோட பூட்ட உடைச்சிருக்கலாம்.”

“இத இப்ப சொல்றே.”

கடைசி அடுக்குக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அடித்து இறுக்க முடியாது. கூரைப் பலகைத் துண்டு ஒன்றை ஆப்புபோல அந்த இடைவெளியில் உள்ளங்கையால் தள்ளினேன். பாதிதான் போயிருக்கும். உலர்ந்த ரொட்டியை ஒடித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. கல் இருந்த இடத்தில் கல் இல்லை. கார் மரத்தின்மேல் இறங்கியது, மரம் கிறீச்சிட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை.

விளக்கை எடுத்துக் காருக்கடியில் நீட்டினேன்.

“ஐலி,” என்றான் உள்ளேயிருந்து. “மூக்குல இடிக்குது. நசுங்கல.”

கணுக்கால்களைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மூக்கு நுனியில் எண்ணெய்.

மறுநாள் கியர் பாக்ஸை இறக்கிவிட்டு, அந்த ஜாக்கியால் காரைத் தூக்கி நான்கு பக்கமும் மரத்தை அடுக்கினோம். ஸ்டாண்டுகளையும் கூடவே வைத்தோம். இருவரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம், கார் அசையவில்லை. ரெய்னோ படுத்தான், நெஞ்சுவரை உள்ளே போனான், வெளியே வந்தான். இரண்டாம் தடவை கழுத்துவரை. வந்து எழுந்து நின்று கையைத் துடைத்தான், துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“என்னால முடியல,” என்றான்.

சீல் முழுதாக உட்கார்ந்தால்தான் மற்ற வேலையெல்லாம் நடக்கும். நான் அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்து நகர்ந்தேன். மேலே அத்தனை இரும்பு. அது முகத்தைத் தொடாமலே முகத்தை அழுத்தியது.

“தெரியுதா? கறுப்பு வளையம்?”

“தெரியுது. எதுக்கு என் காலப் புடிச்சிருக்கே?”

“இழுக்கணும்னா இழுக்க.”

“வலிக்குது.”

“வலிக்கட்டும். போதும்னு தோணினா சொல்லு, உடனே வெளிய வந்துடு. வெர்ன் வர்ற வரைக்கும் நடந்தே போவோம்.”

நான் சுத்தியலை எடுத்தேன். ஒரு தட்டு தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். தூள் கொட்டும் சத்தம் இல்லை. அவன் மூச்சுதான் கேட்டது. அடுத்த தட்டுக்கு அவன் பிடி இன்னும் இறுகியது. விடச் சொல்லாமல் நான் வளையத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனேன்.