ஈரமே படாத குளியலறை

ஒரு குடும்பத்தின் மானம் வாசலில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது குளியலறையில் இருக்கிறது என்பது பெரியவரின் கட்சி. விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் புகழ்ந்துவிடலாம். கை கழுவிவிட்டுத் திரும்பும்போது மட்டும் அவர் முகம் பொய் சொல்லாது.

அதனால்தான் மகள் சொன்ன வார்த்தை அவருக்கு உறைத்தது. முழங்கால் அறுவை முடிந்த அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அழைத்துப்போக வந்தவள், குளியலறையை எட்டிப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"அப்பா, மூலையெல்லாம் கருப்பா பூத்துக் கிடக்கு. உள்ள போனாலே தும்மல் வருது. அம்மா நல்லா நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விடறேன். அன்னிக்கு இதுல பூஞ்சையோ வாடையோ இருந்தா, அம்மாவத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்களும் கூடவே கிளம்பிட வேண்டியதுதான்."

"என் வீட்டையே குறை சொல்ற அளவுக்கு வளந்துட்டியா?"

"வீட்டைச் சொல்லலப்பா. பாத்ரூமைத்தான் சொல்றேன்."

"சரி. ஒத்துக்கறேன்," என்றார். அவர் ஒத்துக்கொண்டால் அது பத்திரம் எழுதியது போல.

மகள் வீட்டில் ராஜ உபசாரம் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உபசாரம் நடக்கும் இடத்தில் மனிதன் விருந்தாளிதான், வீட்டுக்காரன் அல்ல. அவரும் மனைவியும் சேர்ந்து கட்டிய வீடு இது. அதை ஒரு மூலைப் பூஞ்சைக்குத் தோற்பதா?

காகிதக் கிடங்கு ஒன்றின் மேலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஈரத்தோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தது. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு எவனையும் கிடங்குக்குள் விடமாட்டார். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'வறட்டு ஐயா' என்பார்கள். அது தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை, பட்டமாகவே வைத்துக்கொண்டார்.

மனைவி கிளம்பிப் போன மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வினிகரைச் சுவரில் தெளித்து ஊற விட்டார். ஓடுகளின் இடுக்கில் சமையல் சோடாவை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசி, பழைய பல்துலக்கியால் தேய்த்தார். கறுப்பு கழன்று வந்தது. பிறகு துணியால் ஒற்றி ஒற்றி, கிடங்குத் தரை போலக் காய வைத்தார்.

அங்கிருந்துதான் வினை தொடங்கியது. காய்ந்த இடத்தில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று முடிவு கட்டினார். வாளியைக் கவிழ்த்து வைத்தார், கதவைச் சாத்தினார். பின்கட்டில், சாமான் போடும் பொந்து போன்ற பழைய குளியலறையில் போய்க் குளித்தார். குனிந்தால் தலை இடிக்கும், நிமிர்ந்தால் முழங்கை தேயும். போகட்டும், அவள் வந்து குளிக்கப்போகும் இடம் பளிங்காக இருக்கிறதே!

வாரங்கள் போயின. பூஞ்சை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வாடை வந்தது. முதலில் அழுக்குத் துணி வாடை போல இருந்தது. பிறகு சாக்கடை நாற்றமே குப்பென்று அடித்தது.

ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம். வீட்டு நாற்றத்தை ஊருக்குச் சொல்வதா? மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரரிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

"ஒரு சிநேகிதர் வீட்டுக் குளியலறையில ஏதோ வாடையாம். பாவம், என்னைக் கேட்டார்."

"அப்படியா சார்? சிநேகிதர் எங்க இருக்கார்?"

"கொஞ்சம் தள்ளி."

"ஒரு மாடி தள்ளியா? ஜன்னல் வழியா எனக்கும் வருது, அதான் கேட்டேன்."

பெரியவர் முகம் மாறவில்லை. முதுகும் வளையவில்லை.

"கிண்ணத்துல சமையல் சோடா வைக்கச் சொல்லுங்க," என்றார் கடைக்காரர். "கரித்துண்டு, எலுமிச்சைத் தோல்கூட வைக்கலாம். ஆனா வினிகரோட பிளீச்சிங் பவுடரை மட்டும் கலந்துடக் கூடாது. அந்தப் புகை ஆளையே சாய்ச்சிடும். சிநேகிதர் வயசானவர் வேற."

"அவருக்கு அப்படி ஒண்ணும் வயசாகல," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

சோடா வைத்தார், கரி வைத்தார், தோல் வைத்தார். வாடை அசையவில்லை. ஊதுபத்தி கொளுத்தலாம்தான். ஆனால் நாற்றத்தை மணத்தால் மூடுவது பொய்க் கணக்கு எழுதுவது போல. மனைவி வரும் நாள் காலையில் தன் வேட்டி சட்டைகளைப் பையில் அடுக்கினார். தோற்றால் கிளம்ப வேண்டும், பேச்சு பேச்சுதான்.

மனைவி ஊன்றுகோலோடு, ஆனால் நன்றாகவே நடந்து வந்தாள். மகள் நேரே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"அட, சுவரெல்லாம் மின்னுது!" என்றவள், அடுத்த மூச்சில் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, என்னப்பா இது?"

"பூஞ்சை இல்ல. வாடை இருக்கு. மறைக்கல," என்றார் பெரியவர். "பை தயாரா இருக்கு."

மனைவி அவரைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்தாள். "இதுல யாருங்க குளிக்கறா?"

"யாருமில்ல. உனக்காகத் துடைச்சு வச்ச இடம்."

"அப்ப நீங்க?"

"பின்னால."

"அந்தப் பொந்துலயா?" அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கையில் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணிகூடவா விடல?"

"விட்டா பூஞ்சை வருமே."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊன்றுகோல் நழுவ, மகள் தாங்கிக்கொண்டாள்.

"இது காகிதக் கிடங்கு இல்லங்க! தரையில தண்ணி போற அந்தச் சல்லடைக்குக் கீழ, குழாய் வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். சாக்கடைக் காத்துக்கு அதுதான் கதவு. நீங்க அதையும் காய வச்சுட்டீங்க!"

மகள் வாளியை எடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே நிரப்பி ஊற்றினார். தரைக்கடியில் 'களுக் களுக்' என்று சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். காபி குடித்து முடித்ததும் மகள் மறுபடி போய் மோந்து பார்த்தாள்.

"போயே போச்சு! ஆனா நான் வரும்போது இருந்துச்சேப்பா. பேச்சுன்னா பேச்சுதானே?"

"ஆமா," என்று பெரியவர் பையைத் தூக்கினார்.

"கீழ வைங்க அதை," என்றாள் மனைவி. "நான் எங்க இருக்கணும்னு அப்பாவும் பொண்ணும் பந்தயம் கட்டுவீங்க, என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? ஏண்டி, உன் வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்காகப் பொந்துல குளிச்சு முழங்கையைத் தேய்ச்சுக்கிற மனுஷன் இங்கதான் இருக்கார். நான் எங்கயும் வரல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கினால் கூரையைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"சரிம்மா. நாளைக்கு நான் மட்டும் கிளம்பறேன்," என்று சிரித்தாள்.

மனைவி குளிக்கப் போனாள். உள்ளே தண்ணீர் தாராளமாக விழும் சத்தம் கேட்டது.

"என்னங்க! துணியோட வாசல்லயே நிக்கறீங்களா?" என்று குரல் வந்தது.

"இல்லையே," என்றார் பெரியவர், துடைக்கும் துணியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றபடி.