களையெடுத்த பக்கம்

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே இருந்த பழைய தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா ஹோட்டலாக மாறிய நாளிலிருந்து அதற்கு ஒரே நோய்தான். முன்புறப் புல்தரையில் வட்டம் விழும். விடிகாலையில் புல்லின் மேல் சிலந்தி வலை போல வெள்ளையாகப் படரும். வெயில் ஏறினால் வலை மறைந்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புல் கருகிக் கிடக்கும். இரண்டு மழை பெய்தால் தட்டு தாம்பாளமாகிவிடும். பூஞ்சண நோய். விருந்தாளிகளின் பிள்ளைகள் உருளுகிற இடம் என்பதால் மருந்தடிக்கக் கூடாது என்பது கொழும்பிலிருந்த உரிமையாளர் சிவகாமசுந்தரியின் கட்டளை. வட்டம் விழக் கூடாது என்பதும் அவருடைய கட்டளையே.

புல்தரைக்குப் பொறுப்பு ஹம்சினி. மஸ்கெலியாவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, விவசாயத்தில் டிப்ளோமா முடித்தவள்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேடம் வரும் நாளில் ஒரு வட்டம் கண்ணில் பட்டாலும் மறுநாள் அவள் வர வேண்டியதில்லை என்று மேனேஜர் பிரதாப் சொல்லியிருந்தார். மிகவும் பணிவாகச் சொன்னார். ஹோட்டல் படிப்பில் அது ஒரு பாடம்.

ஹம்சினி கண்ட காரணம் எளிது. தரை முழுக்க ஒரே இனப் புல். ஒரு புல்லைத் தின்னப் பழகிய பூஞ்சணத்துக்குப் பக்கத்திலும் அதே சாப்பாடு கிடைத்தால் அது ஏன் நிற்கப் போகிறது? நடுநடுவே அதற்குப் பிடிக்காத இனங்களும் இருந்தால் அங்கங்கே தடைபடும். ஆகவே கம்பி போன்ற மெல்லிய இலைப் புல்லையும் அகன்ற இலைப் புல் ஒன்றையும் தரை முழுக்கக் கலந்து விதைத்தாள். அதன் பிறகு வட்டம் விழவில்லை. ஆனால் குனிந்து பார்த்தால் மூன்று பச்சை தெரிந்தது. பிரதாப் குனிந்து பார்த்துவிட்டார். ரோட்டோரம் மாதிரி இருக்கிறது என்றார்.

அவள் லீவு முடிந்து வந்த அன்று ஹட்டன் பஸ் தாமதம். கேட்டைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. கொழுந்துக்கூடை இல்லாத ஒரு பெண்கள் கூட்டம் புல்தரையில் வரிசையாகக் குந்தி, பிடுங்கிக்கொண்டே மேலேறி வந்தது. பாதித் தரை முடிந்திருந்தது.

பிரதாப் பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் ஆள் கேட்டிருக்கிறார். ஆளெண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கூட்டத்தைப் பிரித்து, கங்காணி வீரய்யாவோடு அனுப்பியிருக்கிறார்கள். தேயிலை மலையில் தேயிலையைத் தவிர மற்றதெல்லாம் களை. இங்கே எது செடி என்று அவர்கள் கேட்டபோது பிரதாப் பழைய புல்லைக் காட்டியிருக்கிறார். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்க ராக்காயிக்கா. அது களையில்ல, நான் போட்ட வெத."

முன்னால் இருந்த ராக்காயி நிமிரவில்லை. "போட்டவ போட்டுட்டுப் போயிட்ட. இது முடியலன்னா எங்களுக்கு அரைப் பேருதான் விழும். தள்ளு புள்ள."

அரைப் பேர் என்றால் பாதி நாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் பூஞ்சணம் எம்மாத்திரம். கைகள் ஹம்சினியை நோக்கி வந்துகொண்டே இருந்தன. அவள் வரிசைக்கு எதிரே ஈரப்புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இதையும் சேத்துப் புடுங்கவா?" என்றாள் நிஷாந்தி என்ற இளம்பெண். கூட்டம் சிரித்தது, ஆனால் வரிசை நின்றது.

பின்பக்க கேரட் பாத்திகளில் களையெடுத்தால் முழுப் பேர் போடலாமா என்று ஹம்சினி வீரய்யாவைக் கேட்டாள். வீரய்யா பிரதாப்பைப் பார்த்தார். பிரதாப் சரி என்று தலையாட்டிவிட்டு ஹம்சினியிடம் திரும்பினார்.

"கீழ்ப்பாதி என் விருப்பம், மேல்பாதி ஒங்க விருப்பம். மேடம் பாக்கட்டும். ஆனா வட்டம் எந்தப் பாதியில வந்தாலும் பொறுப்பு ஒங்களுது."

பிறகு மழை விடவேயில்லை. ஈரம் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம் என்பதால் ஹம்சினி ஒவ்வொரு விடியலிலும் நீண்ட மூங்கில் கழியால் புல்லின் மேல் நின்ற ஈரத்தைத் தட்டிவிட்டாள். பிரதாப்பின் பாதியிலும் தட்டினாள். வேலை போனால் அது பாதி பார்த்துப் போகாது. அப்படியும் கீழ்ப்பாதியில் ஒரு வெள்ளை வலை தெரிந்தது. அடுத்த விடியலில் பல.

மேடம் வந்த காலை பனிமூட்டம் படியிலிருந்து தொடங்கியது. விறாந்தையில் தேநீரோடு அமர்ந்த சிவகாமசுந்தரிக்குப் புல்தரை இருக்கும் திசைதான் தெரிந்தது. பிரதாப் காலநிலையைப் பற்றி விரிவாகப் பேசினார். ஹம்சினி தூண் ஓரமாக நின்றாள். வேலை போனதை வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

மூட்டம் மேலிருந்து விலகியது. மேல்பாதி அடர்த்தியாக, முழுதாக வெளிப்பட்டது. பிறகு கீழ்ப்பாதி. கருகிய வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. ஒரு வட்டம் எல்லை வரை ஏறி, கலந்த புல்லுக்குள் விரலளவு நுழைந்து, அங்கேயே ஓய்ந்திருந்தது.

"பிரதாப், என்ன இது?"

"ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கோம், மேடம். ஒரு பரிசோதனை."

"யாரோட யோசன?"

பிரதாப் தொண்டையைச் செருமினார். ஹம்சினி தூணை விட்டு முன்னால் வந்தாள்.

"கீழ்ப்பாதியில புடுங்கச் சொன்னது சாருங்க, மேடம்," என்றாள். "மேல்பாதியில புடுங்க விடாம உக்காந்தது நான்."

மேடம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். எல்லையில் குனிந்து, அந்த ஓய்ந்துபோன விளிம்பை நெடுநேரம் பார்த்தார்.

"முழுசும் மேல மாதிரியே போடுங்க," என்றார் ஹம்சினியிடம். "பிரதாப், இவங்கள நிரந்தரமாக்குற கடிதத்த நான் போறதுக்குள்ள கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

அப்போது கீழே புல்வெட்டும் இயந்திரம் உறுமியது. மேடத்தின் கண்ணுக்கு அழகாகக் கோடு போட பிரதாப் காலையிலேயே ஆளை ஏற்பாடு செய்திருந்தார்.

"ஈரத்துல வெட்டினா நோவு தரை முழுக்கப் பரவும், சார்," என்றாள் ஹம்சினி. "நிப்பாட்டச் சொல்லுங்க."

பிரதாப் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கையை ஆட்டியபடி, பளபளத்த தோல் சப்பாத்தோடு, சேற்றில் ஓடினார்.