மூழ்கின சொட்டு

மகள் பூஜா பிறந்தபோது முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் கொடுத்த ரத்தம்தான் பாஞ்சாலியை எழுப்பி உட்கார வைத்தது. ஒரு பாட்டிலாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒன்பது வருஷத்து ஆசை. அவள் கூட்டிப் பெருக்குகிற ஒரகடம் கம்பெனியில் போன வருஷம் ரத்ததான முகாம் போட்டார்கள். மெஷினில் பார்த்துவிட்டு, "ரத்தத்துல சத்து இல்லம்மா, போய் நல்லா சாப்டு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கேன்டீனில் புதன்கிழமை போடுகிற முட்டையை வீட்டுக்கு எடுத்துப் போவதை விட்டாள். தானே தின்றாள். வீட்டில் முருங்கைக்கீரையும் காராமணியும் மாறி மாறி வெந்தன.

இந்த வருஷம் மெஷின் இல்லை. நர்ஸ் மெர்சி மேஜைமேல் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர்க் குப்பி வைத்திருந்தாள். விரலில் குத்தி, ஒரு சொட்டை அதில் விட்டாள். சிவப்பு மணி மாதிரி உருண்டு, நேரே அடிக்குப் போய்விட்டது.

பாஞ்சாலிக்கு முகம் செத்துப்போனது. "அய்யோ, முழுகிடுச்சே!"

பின்னால் நின்ற சூப்பர்வைசர் வேல்ராஜ் சும்மா விடுவாரா? "இன்னா பாஞ்சாலி, ஒரு வருசமா துன்ன முட்டையெல்லாம் முழுகிப் போச்சா?"

கண் கலங்க எழுந்தவளின் கையை மெர்சி பிடித்து இழுத்தாள். "எங்கக்கா ஓடற? குந்து. முழுகினாத்தான் பாஸு. மிதந்தாத்தான் ஃபெயிலு."

"இன்னாமா சொல்ற?"

"ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒரு புரதம் கீதுக்கா. நம்ம கம்பெனி பஸ்சு மாரி. நீ இழுக்கற மூச்சுக்காத்த ஏத்திகினு, கை, காலு, மூளைன்னு ஸ்டாப் ஸ்டாப்பா எறக்கி வுடும். பஸ்சு நெறைய இருந்தா ரத்தம் கனம், அடிக்குப் போவும். போன வருசம் ஒனக்கு பஸ்சு பத்தல."

"அப்போ நா துன்ன முட்ட?"

"அதுல இருக்கற புரதத்த ஒடம்பு பிரிச்சிப் போட்டு, கீரைல இருந்து இரும்பச் சேத்து, புது பஸ்சு கட்டிகிச்சி."

"அட, எனக்குள்ளயும் ஒரு பிளான்ட்டு ஓடுதா!"

"ஞாயித்துக்கிழமகூட லீவு இல்லாம."

"ஓவர்டைம் உண்டா?" என்றார் வேல்ராஜ். வரிசையே சிரித்தது.

கட்டிலில் படுத்து, பை நிறைவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள் பாஞ்சாலி. மெர்சி ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள்.

"நர்ஸம்மா, இன்னொன்னும் எடுத்துக்கயேன். எனக்கு ரெண்டு பேரு குடுத்தாங்க."

"ஆசயப் பாரு! நாலு மாசம் போவட்டும்."

பாஞ்சாலி படுத்தபடியே விரல் மடக்கினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.

"தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.