பிரஷர் இறங்கட்டும்

மூன்றாம் முறையும் பல் டொக்டர் பிடுங்குகிற குறடைக் கையில் எடுக்கவில்லை. நிதுர்ஷனின் கையில் கட்டிய பட்டியைக் கழற்றியபடியே சொன்னார்: "இந்தப் பிரஷரோட பல்லுப் புடுங்க ஏலாது. நடங்க, மூச்ச ஆழமா எடுங்க, நேரத்துக்குப் படுங்க. மனச அமைதியா வெச்சிருங்க."

கடைவாய்ப் பல் சொத்தை. நேரத்துக்குப் படுத்தால் அது எழுப்பிவிடும். தூக்கம் இல்லாவிட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் பல் பிடுங்க முடியாது. செக்குமாடுகூட இடைக்கிடை நிற்கும்.

தையில் மனைவி ஆர்த்திகா டெங்குக் காய்ச்சலில் போனாள். அன்றும் அவன் வாய்விட்டு அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றான். அதன் பிறகும் அவள் வீட்டிலேயே, மாமி கேதீஸ்வரி ஆக்கிப் போடுவதைத் தின்றுகொண்டு இருக்கிறான். இப்போது அதையும் ஒரு பக்கத்தால்தான் மெல்ல முடிகிறது.

களுவாஞ்சிக்குடி வாவிக்கரையில் நடக்கத் தொடங்கினான். நடக்க விட்டால்தானே. வலை உலர்த்துகிறவர் நிறுத்துவார், கடைக்குப் போகிறவள் நிறுத்துவாள். இலட்சுமிப்பிள்ளை அக்கா அவன் கையைப் பிடித்து, "இந்த வயசில உனக்கு இப்பிடி வந்திட்டே மனே" என்று விம்மினாள். கடைசியில் அவன்தான் அவளைத் தேற்றி வீடு வரை கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மூச்சை ஆழமாக எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

"நடக்கப் போறத்துக்கும் மோட்டச்சைக்கிளா மனே?" என்றாள் மாமி.

"ஓம் மாமி. காத்தான்குடிக்குப் போறன். அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியா."

ஒரு புடவைக்கடையின் முன்னால் அதை நிறுத்திவிட்டு நடந்தான். திரும்பி வந்தபோது கடைக்கார மஜீட் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இது ஆர்ர மோட்டச்சைக்கிள்? உங்கட வாப்பா எழுதித் தந்த இடமா இது?"

"றோட்டு அரசாங்கத்திட. நீங்க வாங்கிட்டீங்களா?"

"யாவார வாசல் தம்பி! கண்ணு தெரியல்லியா?"

"வாசல் தெரியிது! யாவாரத்தத்தான் காணல்ல!"

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று நிதுர்ஷனுக்கே தெரியாது. எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதுகு வியர்த்தது. அன்றிரவு, பல் வலியோடேயே, விடியும் வரை தூங்கினான்.

அடுத்த நாளும் அங்கேயே நிறுத்தினான். வேண்டுமென்றே. மஜீட்டும் குறை வைக்கவில்லை. நாளுக்கு ஒரு சண்டை, நாளுக்கு ஒரு தூக்கம்.

பல் டொக்டர் வியந்தார். "நல்லா இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் இறங்கினாப் புடுங்கலாம். என்ன செய்யிறீங்க?"

"நடக்கிறன்."

"விட்டுராதீங்க. வாற கிழமை வாங்க."

அன்று பின்னேரம் மஜீட் வாசலில் நிற்கவில்லை. உள்ளே கதிரை போட்டு, பிளேன்டீ ஊற்றி வைத்திருந்தார்.

"இரிங்க தம்பி. உங்கட ஊர்ப் புள்ள ஒண்டு உடுப்பு எடுக்க வந்திச்சு. எல்லாம் சொன்னிச்சு. நான் அறியாம என்னென்னவோ ஏசிப்போட்டன்." அவருடைய கண் கலங்கியிருந்தது.

"மோட்டச்சைக்கிள் வாசல்ல குறுக்கால நிக்கிது," என்றான் நிதுர்ஷன்.

"நிக்கட்டும் தம்பி."

"ஆக்கள் உள்ளுக்கு வர ஏலாது."

"சுத்தி வரட்டும். நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

சூடு பல்லில் பட்டுச் சுரீரென்றது. குடித்து முடித்தான். எழுந்து போய், மோட்டார்சைக்கிளைத் தள்ளிச்சென்று, பக்கத்துப் பாத்திரக்கடையின் வாசலை முழுதும் மறித்து நிறுத்தினான். பிறகு கன்னத்தைப் பொத்திக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது ஏச வருகிறார்களா என்று பார்த்து நின்றான்.